குடியிருப்பு ஜெனரேட்டரின் இரைச்சல்: அளக்க வேண்டிய இடம் எது?

மின்தடை ஏற்பட்ட சில விநாடிகளுக்குள் அடுக்குமாடிக் குடியிருப்பின் டீசல் ஜெனரேட்டர் தானே இயங்கத் தொடங்குகிறது. மின்தூக்கி நடுவழியில் நிற்பதில்லை. நீரேற்றும் பம்பு ஓய்வதில்லை. படிக்கட்டு விளக்குகள் அணைவதில்லை. இவ்வசதியை அனுபவிப்போர் அக்கட்டிடத்தில் வாழ்வோர். ஆனால் அதன் விலையில் ஒரு பங்கை, யாரும் கேளாமலே, வேறொருவர் செலுத்தி வருகிறார். ஜெனரேட்டர் நிற்கும் மூலைக்கு நேர் எதிரே தம் படுக்கையறை அமைந்துவிட்ட பக்கத்து மனைக்காரரே அவர். கோடை இரவில் மின்சாரம் நின்றதும் அவர் வீட்டு விசிறி நின்றுவிடுகிறது. காற்றுக்காக அவர் ஜன்னலைத் திறக்கிறார். காற்று வருவதற்கு முன்னர் எஞ்சினின் உறுமல் உள்ளே வந்துவிடுகிறது. ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் இரைச்சல். இந்திய நகரங்களில் இந்த நிலை எத்துணை சாதாரணமாகிவிட்டதென்றால், இதனை ஒரு குறையாக எடுத்துரைப்பவரைப் பொறுமையற்றவர் என்று எண்ணும் வழக்கமும் உண்டாகிவிட்டது.

இது குறித்து அரசு வாளாவிருந்தது எனக் கூறுதல் பொருந்தாது. 2000-ஆம் ஆண்டில் வெளியான ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல் என்று வரையறுத்தன. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. பின்னர் 2002-ஆம் ஆண்டில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள் திருத்தப்பட்டு, டீசல் ஜெனரேட்டர்களுக்கெனத் தனி வரம்பு ஏற்பட்டது. 2005 ஜனவரி 1 முதல் தயாரிக்கப்படும், 1000 கிலோ வோல்ட்-ஆம்பியர் வரையிலான ஜெனரேட்டர்கள், அவற்றை மூடியுள்ள கூண்டின் பரப்பிலிருந்து 1 மீட்டர் தொலைவில் 75 டெசிபெலுக்கு மேல் ஒலிக்கலாகாது. அந்த ஒலித்தடுப்புக் கூண்டும் வாங்குவோர் விருப்பத்திற்கு விடப்படாமல், தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட வேண்டும். புது தில்லியிலுள்ள தேசிய பௌதிக ஆராய்ச்சிச் சாலை, புனேயிலுள்ள மோட்டார் வாகன ஆராய்ச்சிச் சங்கம் போன்ற நிலையங்களில் மாதிரி யந்திரங்கள் சோதிக்கப்பட்டுச் சான்று பெறும் ஏற்பாடும் செய்யப்பட்டது.

இதனால் விளைந்த நன்மை சிறிதன்று. கூண்டில்லாத பழைய எஞ்சின் 1 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 100 டெசிபெல் அளவில் முழங்கும். அதன் அருகே இருவர் உரத்துப் பேசினாலும் ஒருவர் சொல் மற்றவர் செவியில் ஏறாது. அது 75 ஆகக் குறைவதென்றால், வெளிப்படும் ஒலிச் சக்தி முந்நூற்றில் ஒரு பங்காகிவிட்டது என்பது பொருள். இந்நாட்டின் ஒலிக் கட்டுப்பாட்டு முயற்சிகளுள், ஆயிரக்கணக்கானோரின் நல்லெண்ணத்தை நம்பியிராமல், தயாரிக்கும் இடத்திலேயே செயலுக்கு வந்த ஏற்பாடு என்ற சிறப்பு இதற்கு உண்டு.

குறை, அந்த ஏற்பாடு நின்றுவிட்ட இடத்தில் உள்ளது. யந்திரத்தின் பக்கத்தில் 75. உறங்குபவரின் வாசலில் 45. இவ்விரண்டு எண்களுக்கும் இடையே உள்ள 30 டெசிபெலை யார், எங்கே, எவ்வாறு குறைக்க வேண்டும் என்பதற்குத் தெளிவான பொறுப்பாளர் எவரும் இல்லை. தொலைவு அதைப் பார்த்துக்கொள்ளும் என்பது பொதுவான நம்பிக்கை. தொலைவு எவ்வளவு உதவும் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது நலம்.

ஒலி ஒரு புள்ளியிலிருந்து புறப்பட்டால், தொலைவு பத்து மடங்காகும்போது 20 டெசிபெல் குறையும். ஆகவே 1 மீட்டரில் 75 என்றால் 10 மீட்டரில் 55 என்று விற்பனையாளர் சிலர் சொல்வதுண்டு. ஆனால் ஜெனரேட்டர் ஒரு புள்ளியன்று. 100 கிலோ வோல்ட்-ஆம்பியர் திறனுடைய ஒன்றின் கூண்டு சுமார் மூன்றரை மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், 1.8 மீட்டர் உயரம் கொண்டது எனக் கொள்வோம். அதைச் சுற்றி 1 மீட்டர் தள்ளி ஒரு கற்பனைப் பெட்டியை வரைந்தால், அப்பெட்டியின் பரப்பு ஏறத்தாழ 70 சதுர மீட்டர். அந்தப் பரப்பு முழுவதிலும் 75 டெசிபெல் ஒலி வெளியேறுகிறது. 10 மீட்டர் ஆரமுள்ள அரைக்கோளத்தின் பரப்பு 628 சதுர மீட்டர். அதாவது, அதே சக்தி ஒன்பது மடங்கு பரப்பில்தான் பரவியிருக்கிறது. ஒன்பது மடங்கு என்பது ஒன்பதரை டெசிபெல். எனவே 10 மீட்டரில் கிடைப்பது 55 அன்று, 65. இரவு வரம்பாகிய 45-ஐ எட்டுவதற்குத் திறந்த வெளியில் சுமார் 100 மீட்டர் தொலைவு வேண்டும். நகரத்து மனையில் பக்கவாட்டில் விடப்படும் காலியிடம் சில மீட்டரே. அதிலும் இருபுறச் சுவர்களுக்கிடையே ஒலி மோதி எதிரொலிப்பதால், திறந்த வெளியின் கணக்கு அங்கே கிட்டுவதில்லை. அளவு மேலும் உயர்கிறது.

இங்கே இன்னொரு நுட்பமும் உண்டு. விதிகளில் கூறப்படும் 45 டெசிபெல் என்பது இரவு முழுமைக்குமான சராசரி. எட்டு மணி நேர இரவில் ஜெனரேட்டர் ஒரு மணி நேரம் மட்டும் 65 டெசிபெல் எழுப்பினால், சராசரி 56 ஆகிவிடுகிறது. அரை மணி நேரமே ஓடினால் 53. வரையறையை 10 டெசிபெல் அல்லது அதற்கு மேல் மிஞ்சினால் முறையிடலாம் என்பது விதி. ஆகவே அரை மணி நேரம் ஓடிய எஞ்சினைப் பற்றி, சராசரி எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு பேசினால், முறையீட்டுக்கு இடமே இல்லாமற் போகலாம். நள்ளிரவு 2 மணிக்குத் திடுக்கிட்டு விழித்தவர் மீண்டும் உறங்க எவ்வளவு நேரமாயிற்று என்பதைச் சராசரி அறியாது. உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், படுக்கையறையினுள் தொடர்ந்த ஒலி 30 டெசிபெலைத் தாண்டலாகாதென்றும், தனித்து எழும் ஓசை 45 டெசிபெலைத் தாண்டலாகாதென்றும் இரண்டையும் பிரித்தே கூறியது. அந்தப் பிரிப்பு இவ்விஷயத்தில் மிகவும் பொருத்தமானது.

இதுவரை கூறியது எண்ணின் அளவைப் பற்றியது. அதனினும் முக்கியமானது ஒலியின் தன்மை. இந்நாட்டின் மின்னோட்டம் விநாடிக்கு 50 சுழற்சி உடையதாதலால், பெரும்பாலான ஜெனரேட்டர்கள் நிமிஷத்திற்கு 1500 சுற்று, அதாவது விநாடிக்கு 25 சுற்று என்ற நிலையான வேகத்தில் ஓடுகின்றன. நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும். ஆகவே நான்கு சிலிண்டர் எஞ்சினின் அடிப்படைச் சுருதி விநாடிக்கு 50 அதிர்வு; ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கு 75; மூன்று சிலிண்டருக்கு 37½. இவை செவியால் கேட்கப்படுவதைவிட மார்பாலும் தலையணையாலும் உணரப்படும் தாழ்ந்த சுருதிகள். விநாடிக்கு 50 அதிர்வுடைய ஒலியின் அலைநீளம் 7 மீட்டர். மூன்று மீட்டர் உயரச் சுற்றுச்சுவர் அதற்குப் பெரிய தடையன்று. சுவரைச் சுற்றி வளைந்து அப்பால் இறங்கிவிடும். மேலும் மூன்றரை மீட்டர் நீளமுள்ள ஓர் அறை அந்த அலைநீளத்தில் சரிபாதி. அவ்வறையில் அந்தச் சுருதி தேங்கி நின்று பெருகும். அவ்வாறு தேங்கும் அலையின் அழுத்தம் அறையின் நடுவில் மிகக் குறைவாகவும் சுவரோரத்தில் மிக அதிகமாகவும் இருக்கும். கட்டிலின் தலைப்புறத்தைச் சுவரோடு சேர்த்துப் போடுவதே உலக வழக்கம்.

இத்தகைய ஒலியை வழக்கமான கருவி எவ்வாறு அளக்கிறது? 1933-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிச் சாலையைச் சார்ந்த பிளெட்சர், மன்ஸன் என்னும் இருவர், மனிதச் செவி எந்தச் சுருதியை எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதைச் சோதித்து வளைகோடுகளாக வெளியிட்டனர். மெல்லிய ஒலிகளில் தாழ்ந்த சுருதியைச் செவி குறைவாகவே கேட்கிறது. இதனைப் பின்பற்றி ஒலிமானிகளில் 'ஏ' என்னும் அளவை அமைந்தது. விதிகளில் வரும் டெசிபெல்கள் யாவும் இந்த அளவையைச் சார்ந்தனவே. விநாடிக்கு 50 அதிர்வுடைய ஒலியிலிருந்து இந்த அளவை 30 டெசிபெலைக் கழித்துவிடுகிறது. அதாவது, உண்மையில் 75 டெசிபெல் அழுத்தமுள்ள எஞ்சின் உறுமல் 'ஏ' அளவையில் வெறும் 45 என்று காட்டும். சாலைப் போக்குவரத்து, மனிதப் பேச்சு, ஒலிபெருக்கி ஆகியவற்றுக்கு இவ்வளவை பொருத்தமானது என்பதில் ஐயமில்லை. சுவர்களைக் கடந்து, உயர்ந்த சுருதிகளையெல்லாம் வழியில் இழந்து, அடித்தள உறுமல் மட்டும் எஞ்சியவாறு படுக்கையறையை அடையும் ஒலிக்கு இது பொருந்தாது.

இதன் விளைவு நடைமுறையில் விசித்திரமானது. ஒருவர் முறையிடுகிறார், அலுவலர் கருவியுடன், பெரும்பாலும் பகலில், வருகிறார், 'ஏ' அளவையில் எண் வரம்புக்குள் நிற்கிறது, கோப்பு மூடப்படுகிறது. அலுவலர் தம் கடமையைச் செய்தார். கருவியும் பொய் சொல்லவில்லை. முறையிட்டவர் மட்டும் கற்பனை செய்கிறார் என்ற பெயரைச் சுமக்கிறார். இதைத் தவிர்ப்பதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் வேண்டுவதில்லை. தரமான ஒலிமானிகளிலேயே 'சி' என்ற மற்றோர் அளவையும் உண்டு. அது 50 அதிர்வில் ஒரு டெசிபெலுக்குச் சற்று அதிகமாகவே கழிக்கும். இரண்டு எண்களையும் குறித்து, 'சி' எண் 'ஏ' எண்ணைவிட 20-க்கு மேல் மிகுந்திருந்தால் தாழ்ந்த சுருதித் தொல்லை உள்ளதெனக் கொண்டு மேலும் ஆராய வேண்டும் என்ற முறையை ஜெர்மனி 1997-ஆம் ஆண்டின் தரநிர்ணயத்திலேயே கைக்கொண்டது. ஒரு பொத்தானை மாற்றி இன்னொரு எண்ணைக் குறித்துக்கொள்ளும் அளவே செலவு.

இனி, இரைச்சலைக் குறைக்கும் வழிகள். இவ்விஷயத்தில் குளிர்நாடுகளின் அனுபவம் ஓரளவு பயன்படும். வட அயர்லாந்தில் பெரும்பாலான இல்லங்கள் மண்ணெண்ணெய் எரிக்கும் கொதிகலன்களால் சூடேற்றப்படுகின்றன. அந்தச் சிறு கொதிகலனிலும் விசிறி, பம்பு, சுடர், புகைபோக்கி என்ற நான்கும் உண்டு. சமையலறையில் நிற்கும் அதன் இரைச்சல் குறித்துப் புகார்களும் உண்டு. எரிமுனைக்கு மூடி, காலுக்கு ரப்பர், எண்ணெய்க் குழாய்க்கு வளையும் இணைப்பு, புகைபோக்கிக்கு அடக்கி என்று ஒவ்வொரு வழியையும் தனித்தனியே அடைப்பதே அங்கு கண்ட தீர்வு. ஒரே ஒரு வழி திறந்திருந்தால் மற்ற மூன்றுக்குச் செய்த செலவு வீண் என்ற உண்மை ஜெனரேட்டருக்கும் அப்படியே பொருந்தும்.

முதலாவது, காற்று வழி. எஞ்சினை ஓர் அறைக்குள் வைத்துச் செங்கற் சுவர் எழுப்பிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று கருதுவோர் பலர். பூச்சுடன் கூடிய 23 சென்டிமீட்டர் செங்கற் சுவர், தன்மீது விழும் ஒலியில் ஏறக்குறைய லட்சத்தில் ஒரு பங்கையே அப்பால் விடும். ஆயினும் எஞ்சினுக்கு மூச்சுக் காற்று வேண்டும். ரேடியேட்டரைக் குளிர்விக்க அதனினும் பன்மடங்கு காற்று வேண்டும். ஆகவே சுவரில் சாளரம் வைக்கப்படுகிறது. சுவர்ப் பரப்பில் அந்தச் சாளரம் இருபதில் ஒரு பங்கேயானாலும், ஒலியிலும் இருபதில் ஒரு பங்கு அதன் வழியே தடையின்றி வெளியேறும். எஞ்சிய சுவர் செங்கல்லாயினும் கருங்கல்லாயினும், மொத்தத்தில் கிடைக்கும் குறைவு 13 டெசிபெலுக்கு மேல் இல்லை. காற்றை விட்டு ஒலியைப் பிடித்து நிறுத்தவேண்டுமானால், கண்ணாடி இழைப் பஞ்சு பொதிந்த தட்டுகளை வரிசையாக நிறுத்தி, அவற்றின் இடைவெளிகளின் வழியே காற்று செல்லுமாறு ஒரு நீண்ட கூடு அமைக்க வேண்டும். அதற்கு இடம் வேண்டும். இடத்தை வரைபடத்திலேயே ஒதுக்காதவர் பின்னர் ஒதுக்க முடியாது.

இதனோடு சேர்ந்த ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். டீசலின் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகிறது. எஞ்சியது புகையோடும் வெப்பமாகவும் வெளியேறுகிறது. காற்றோட்டம் போதாத மூலையில் கூண்டோடு நிற்கும் எஞ்சின், வெயில் காலத்தில் சூடேறித் தானே நின்றுவிடும். அதற்குக் காவலாளி கண்ட பரிகாரம் கூண்டின் கதவுகளைத் திறந்து வைப்பது. தேசிய ஆராய்ச்சிச் சாலையில் சோதித்துச் சான்று பெற்ற கூண்டு அந்தக் கணத்திலேயே வெறும் தகரமாகிவிடுகிறது. காவலாளியைக் குறை கூறுதல் நியாயமன்று. காற்று வராத இடத்தில் யந்திரத்தை நிறுத்தியவர் அவர் அல்லர்.

இரண்டாவது, புகை வழி. எஞ்சினின் தாழ்ந்த சுருதி பெரும்பாலும் இவ்வழியேதான் வெளியேறுகிறது. 2002-ஆம் ஆண்டின் திருத்தம், 75 டெசிபெல் வரம்பில் அடங்காத ஜெனரேட்டர்களின் புகைக்குழாயில் 25 டெசிபெலாவது குறைக்கும் சைலன்ஸர் வேண்டும் என்றது. எண் நன்று, எந்தச் சுருதியில் 25 என்பதே கேள்வி. பஞ்சு அடைத்த சைலன்ஸர் உயர்ந்த சுருதிகளை விழுங்கும். 50 அதிர்வை அது அறவே பொருட்படுத்தாது. தாழ்ந்த சுருதியை அடக்குவதற்கு அகன்ற வெற்றறைகள் உடைய பெரிய உருளை வேண்டும். பருமன் குறைந்த சைலன்ஸர் மலிவானது, இடம் அடைக்காதது, அடித்தள உறுமலை அப்படியே விட்டுவிடுவது. சைலன்ஸருக்கு அப்பால் உள்ள குழாயின் நீளமும் கவனிக்கத்தக்கது. சூடான புகையில் ஒலி விநாடிக்குச் சுமார் 500 மீட்டர் வேகத்தில் செல்வதால், 50 அதிர்வுக்கு அங்கே அலைநீளம் 10 மீட்டர். இருபுறமும் திறந்த 5 மீட்டர்க் குழாய் அதன் சரிபாதி. புல்லாங்குழல் போல அது அந்தச் சுருதியைத் தானே எடுத்துப் பாடும். நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கு ஏறக்குறைய 5 மீட்டர் நீளமுள்ள கடைக்குழாயைப் பொருத்துவது, இரைச்சலுக்கு ஊதுகுழல் செய்து கொடுப்பதற்குச் சமம்.

குழாயின் முகப்பு எங்கே முடிகிறது என்பதும் உண்டு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சூத்திரப்படி, புகைக்குழாய் கட்டிடத்தின் உயரத்திற்கு மேல், கிலோ வோல்ட்-ஆம்பியர் எண்ணின் வர்க்க மூலத்தை 0.2-ஆல் பெருக்கி வரும் மீட்டர் அளவு உயர வேண்டும். 100 கிலோ வோல்ட்-ஆம்பியருக்கு 2 மீட்டர். புகையைக் கருதி எழுந்த இச்சூத்திரம் ஒலிக்கும் பயன்படுகிறது. ஏனெனில் உறுமும் முகப்பு ஜன்னல்களுக்கு எதிரிலிருந்து கூரைக்கு மேலே போய்விடுகிறது. ஆனால் அந்த நீண்ட குழாயைப் படுக்கையறைச் சுவரிலேயே இரும்புப் பட்டையால் இறுக்கிவிட்டால், காற்றில் வந்த தொல்லை சுவருக்குள் புகுந்துவிடுகிறது. எஞ்சினை அடுத்து நெளிகுழாய் இணைப்பும், சுவரில் ரப்பர் வைத்த தாங்கிகளும் இன்றியமையாதவை. சாதாரணமாக இவற்றில் ஒன்று விடுபட்டிருக்கும்.

மூன்றாவது, தரை வழி. இங்கேதான் நல்லெண்ணத்துடன் செய்யப்படும் தவறுகள் மிகுதி. யந்திரத்தின் அடியில் ரப்பர்த் துண்டு வைத்தால் அதிர்வு குறையும் என்பது பாதி உண்மை. ரப்பரோ ஸ்பிரிங்கோ பாரத்தால் எவ்வளவு அமுங்குகிறது என்பதைப் பொறுத்தே அதன் பயன். அரை மில்லிமீட்டர் மட்டும் அமுங்கும் கெட்டி ரப்பர் மீது நிற்கும் யந்திரத்தின் இயற்கை அதிர்வு விநாடிக்கு 22. எஞ்சினோ 25 சுற்றில் ஓடுகிறது. இரண்டும் நெருங்கி நிற்பதால், ரப்பர் அதிர்வைத் தடுப்பதற்குப் பதிலாகப் பெருக்குகிறது. அதை எடுத்துவிட்டு வெறுந்தரையில் வைப்பதே மேல். 10 மில்லிமீட்டர் அமுங்கும் ஸ்பிரிங்கானால் இயற்கை அதிர்வு 5 ஆகத் தாழ்ந்து, கணக்குப்படி இருபதில் ஒரு பங்குக்கும் குறைவான விசையே தரைக்குச் செல்லும். இக்கணக்கும் தரை உறுதியாக இருக்கும்போதுதான். மொட்டை மாடித் தளம் தானே பாரத்தால் சில மில்லிமீட்டர் வளையக்கூடியது. அதன் மேல் ஜெனரேட்டரை ஏற்றினால், தளமே பெரிய முரசாகிக் கீழ் வீட்டாரின் தலைக்கு மேல் முழங்கும். கீழே இடமில்லை என்ற காரணத்திற்காக மாடியில் ஏற்றுவதை எந்தக் கணக்கும் ஆதரிப்பதில்லை.

இம்மூன்று வழிகளையும் நோக்கினால் ஒன்று புலனாகும். இவற்றுள் எதுவும் ஜெனரேட்டர் தயாரிப்பவரின் கையில் இல்லை. சாளரத்தின் அளவு, குழாயின் நீளம், மேடையின் இடம் ஆகியவற்றைத் தீர்மானிப்பவர் கட்டிட வரைபடம் தீட்டுபவர். அவர் வாகன நிறுத்தங்களையெல்லாம் எண்ணி முடித்த பிறகு, எதற்கும் உதவாத மூலையை ஜெனரேட்டருக்கு விடுகிறார். அந்த மூலை அண்டை மனையின் எல்லையில்தான் இருக்கும். கட்டியவர் வீடுகளை விற்றுவிட்டு அகன்றபின், தொல்லை குடியிருப்போர் சங்கத்தின் தலையில் விழுகிறது. சங்கத்தார் யந்திரம் விற்றவரை அழைக்கின்றனர். அவர் 75 டெசிபெல் சான்றிதழைக் காட்டுகிறார். அதற்குமேல் அவரைக் கேட்பதற்கு வழியில்லை. கேட்பதில் நியாயமும் இல்லை.

ஆகவே சான்று யந்திரத்துக்கு மட்டுமன்றி அது நிறுவப்பட்ட இடத்துக்கும் வேண்டும். கட்டிடம் நிறைவுற்றதாகச் சான்று அளிக்கப்படும் முன்னர், ஜெனரேட்டரை முழுச் சுமையில் ஓடவிட்டு, ஊர் அடங்கிய இரவு நேரத்தில், மிக அருகிலுள்ள அயல்வீட்டு ஜன்னலுக்கு எதிரே 'ஏ', 'சி' ஆகிய இரண்டு அளவைகளிலும் ஒலியைக் குறித்தல் வேண்டும். அந்த எண்கள் குடியிருப்போருக்கு ஒப்படைக்கப்படும் பத்திரங்களுள் ஒன்றாக இருத்தல் வேண்டும். தீயணைப்பு ஏற்பாட்டுக்கும் மின்தூக்கிக்கும் தனித்தனிச் சோதனை நடத்தும் நகராட்சிகளுக்கு இது பெருஞ்சுமையாகாது. அதனால் கட்டுமானச் செலவு உயரும் என்ற ஆட்சேபம் எழலாம். உயரும் என்பது உண்மையே. ஆனால் சாளரக் கூடும் ஸ்பிரிங்கும் பெரிய சைலன்ஸரும் முதலிலேயே வைக்கப்பட்டால் ஆகும் செலவும், சுவரை இடித்துக் குழாயை மாற்றிப் பின்னர் வைப்பதற்கு ஆகும் செலவும் ஒன்றல்ல. முதற்செலவை வீடு வாங்குவோர் பலர் பகிர்ந்து கொள்கின்றனர். செய்யாது விட்டால், எந்தப் பயனும் பெறாத அயலார் தம் உறக்கத்தால் அதைச் செலுத்துகின்றனர்.

ஏற்கெனவே நிறுவப்பட்டவற்றுக்கு இவ்வளவும் இயலாது. ஆயினும் சிலவற்றை ஒரு வாரத்தில் செய்துவிடலாம்: கூண்டுக் கதவின் ரப்பர் விளிம்பு இற்றுப் போயிருந்தால் மாற்றுதல், கெட்டி ரப்பருக்குப் பதில் கணக்கிட்டுத் தேர்ந்த ஸ்பிரிங் வைத்தல், குழாய்த் தாங்கிகளைச் சுவரிலிருந்து விடுவித்தல், வாராந்தரச் சோதனை ஓட்டத்தைப் பகலுக்கு மாற்றுதல்.

இரவில் ஒரு குடியிருப்புக்கு உண்மையில் எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்பதும் ஆராயத்தக்கது. பெரும்பாலான குடியிருப்புகளில் ஜெனரேட்டர், மாலையின் உச்சச் சுமையைக் கருதி வாங்கப்பட்டது. நள்ளிரவுக்கு மேல் அதே யந்திரம் சில விளக்குகளுக்காகவும், யாரேனும் ஏறினால் ஓடவேண்டிய ஒரு மின்தூக்கிக்காகவும் உறுமிக்கொண்டிருக்கிறது. 1500 சுற்றுக்குக் குறையாமல் ஓடவேண்டியதாதலால், சுமை குறைந்தாலும் அதன் இரைச்சல் அந்த அளவுக்குக் குறைவதில்லை. மருத்துவமனைக்கு எஞ்சின் இன்றியமையாதது, அதில் வாதமில்லை. குடியிருப்பில் படிக்கட்டு விளக்கு, வாயிற்கதவு, ஒரு மின்தூக்கி ஆகியவற்றைத் தனிச் சுற்றில் பிரித்து, மின்கலத் தொகுதியோடு இணைக்கலாம். மின்தடை ஏற்பட்டால் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை முதலில் மின்கலமே வேலை செய்யுமாறும், அது தீரும் நிலையில் மட்டும் எஞ்சின் கிளம்புமாறும் தானியங்கி விசையை அமைப்பது இன்று எளிது. மின்தடை ஒரு மணி நேரத்திற்குள் நீங்கிவிடும் இரவுகளில், அந்த எஞ்சின் ஒருமுறைகூடக் கிளம்ப வேண்டியிராது.